அக்காவின் ஓம்

எங்கள் பக்கத்தில் ஒருவர் கதை சொல்லும்போது கேட்பவர் சும்மா இருக்கக் கூடாது. இடையிடையே "ஓம்" போட வேண்டும். போடாவிட்டால் சொல்லுகிறவர் பாதியில் நிறுத்தி, "கேக்கிறியா, நான் சுவரோடயா கதைக்கிறன்?" என்று முறைப்பார். இந்த ஓமுக்கு ஆமாம் என்று பொருள் இல்லை. நீ சொல்வது சரி என்றும் பொருள் இல்லை. என் காது இங்கேதான் இருக்கிறது, மேலே சொல்லு என்பது மட்டும்தான். ஆமாம் என்பதற்கும் எங்களிடம் ஓம்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு என்பது வாவிக்கு மேற்கே, இந்தப் படுவான்கரையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். அதை யாருக்காவது விளக்கிச் சொல்ல வேண்டி வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஓம் போடுவதில் என் அக்காவை மிஞ்ச ஆளில்லை. கொக்கட்டிச்சோலைக்குப் போகிற வழியில் பக்கத்துப் பக்கத்து வளவில் எங்கள் இரண்டு வீடுகளும் இருக்கின்றன. நான் விறாந்தையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கிறேன். துணி கொண்டு வருகிற பெண்கள் அளவு கொடுத்துவிட்டுப் போகமாட்டார்கள். அக்கா எங்கே என்று தேடுவார்கள். அவள் சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டே அவர்களுடைய மாமியார் சண்டை, மாட்டுக்கு வந்த நோய், மகன் அனுப்பாத கடிதம் எல்லாவற்றுக்கும் ஓம் போடுவாள். அவர்கள் மனம் லேசாகிப் போவார்கள். "ஓம் போடுறதுக்குச் சம்பளம் குடுக்கிற நாடு எங்கயாவது இரிந்தா உன்னை அனுப்பி வைக்கலாம்" என்று நான் கேலி செய்திருக்கிறேன். பிறகு அவள் ஒரு நாட்டுக்குப் போகத்தான் போனாள்.

உரம் கிடைக்காமல் போன அந்தப் போகத்தில் எங்கள் வட்டை வயல்கள் முழுவதும் பயிர் மஞ்சளாகவே நின்றது. அதன் பின்னால் டீசலும் இல்லாமல் போனது. அக்காவின் புருஷன் உழவு மெஷின் ஓட்டுகிறவர். டீசல் இல்லாத உழவு மெஷினில் கோழிகள் அடைந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் மோட்டார் சைக்கிளில் ஒரு ஏஜென்ட் வந்தார். வெளிநாட்டில் சின்னப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்றில் கூட்டித் துடைக்கிற வேலை என்றார். முதலில் விசிட் விசாவில் போகலாம், அங்கே போனதும் மாற்றிக் கொடுப்பார்கள் என்றார். பள்ளிக்கூடம் என்ற சொல்லில்தான் அக்கா விழுந்தாள். வீட்டு வேலைக்குப் போய்ச் சீரழிந்தவர்களின் கதைகளுக்கெல்லாம் ஓம் போட்டவள் அவள். வீட்டு வேலைக்கு அவள் போயிருக்கவே மாட்டாள்.

அவளை யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இதையும் நான் மறைக்காமல் எழுத வேண்டும். நான் தைத்துக் கொடுத்த புதுச் சல்வாரைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த மகளைக் கொஞ்சிவிட்டு, சிரித்த முகத்தோடுதான் போனாள்.

அங்கே பள்ளிக்கூடம் இருக்கவில்லை. ஒரு அறையில் பல ஊர்ப் பெண்கள் நிலத்தில் இருந்தார்களாம். தேவைப்பட்டவர்கள் வந்து பார்த்து, கூட்டிக்கொண்டு போனார்களாம். சந்தையில் மரக்கறி பார்ப்பவர்கள்கூடக் கொஞ்சம் வெட்கத்தோடு அமத்திப் பார்ப்பார்கள், இவர்களுக்கு அதுவும் இல்லை என்று அக்கா ஒரு தரம் சொன்னாள். கடவுச்சீட்டை வந்த அன்றைக்கே வாங்கிவிட்டார்கள். ஒரு வீட்டில் வேலை முடிந்தால் அந்த வீட்டுக்காரியின் சகோதரி வீடு, பிறகு அவளுடைய மாமியார் வீடு. சம்பளம் என்று எதுவும் கையில் வரவில்லை. வெளிக்கதவின் சாவி எப்போதும் வேறு யாரிடமோ இருந்தது.

எப்போதாவது ஒரு தரம் எங்களோடு பேச விடுவார்கள். வீட்டுக்காரி பக்கத்தில் நிற்பாள். நான் ஊர்க் கதைகளைச் சொல்லுவேன். மகளுக்குப் பல் விழுந்ததையும், வாவியில் இறால் நன்றாகப் படுவதையும், தேருக்கு வந்த கூட்டத்தையும் சொல்லுவேன். மறுபக்கத்தில் ஓம், ஓம் என்று மட்டும் கேட்கும். மகள் போனைப் பறித்துத் தன் கதையைச் சொல்லுவாள். அவளுக்கும் ஓம். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் அந்த ஒரு சொல்தான் கடல் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் குப்பைப் பையை வெளியே வைக்கப் போனவள் திரும்பவில்லை. தமிழ் தெரிந்த ஒரு டாக்சிக்காரர் அவளைத் தூதரகத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அங்கே அவளைப் போல ஒரு மண்டபம் நிறையப் பெண்கள் இருந்தார்கள். வெகு காலம் காத்திருந்த பிறகு அரசாங்கம்தான் எல்லோரையும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தது. அதற்கு நான் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

விமான நிலையத்திலேயே கேள்வி தொடங்கிவிட்டது. வரிசையில் நின்ற பெண்களிடம் ஒருவர் தமிழில் கேட்டுக்கொண்டே வந்தாராம். "உங்களை யாராவது கடத்தினார்களா?" அக்கா உடனே, "இல்ல சேர்" என்றாள்.

வேறு என்ன சொல்லுவாள்? வேலை தருவதாக ஏமாற்றிக் கொண்டுபோய் ஆளை விற்பதற்குச் சட்டத் தமிழில் ஆட்கடத்தல் என்று பெயராம். எங்களுக்குக் கடத்தல் என்றால் வேறு. சண்டைக் காலத்தில் வான் வண்டி வந்து நிற்கும், ஆளை ஏற்றும், அதோடு முடிந்தது. இந்தக் கரையில் கடத்தப்பட்டவர்கள் வந்து சேரவில்லை. அவர்களுடைய தாய்மார் இன்றைக்கும் படத்தைப் பிடித்துக்கொண்டு நகரத்து வீதியோரத்தில் வெயிலில் இருக்கிறார்கள். புதுச் சல்வார் போட்டு, விமானம் ஏறிப் போய்விட்டுத் திரும்பி வந்து நிற்கிற ஒருத்தி, என்னைக் கடத்தினார்கள் என்று எந்த முகத்தோடு சொல்லுவாள்? அந்தத் தாய்மாருக்குச் செய்கிற துரோகமாக அல்லவா அது இருக்கும். அக்கா உண்மையைத்தான் சொன்னாள். அந்த உண்மை அவளுக்கு எதிராக எழுந்து நின்றது.

அவள் வீடு வந்தபோது மகள் இல்லை. வாழைச்சேனையில் இருக்கிற தன் தாய் வீட்டுக்கு அத்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். ஏஜென்ட் அவரிடம், உங்கள் மனைவி வேலை செய்த வீட்டிலிருந்து ஓடிவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார். அங்கே ஓடுவது உயிர் தப்புவது. எங்கள் ஊரில் ஓடிப்போனவள் என்றால் ஒருவனோடு போனவள். அந்தச் சொல் அக்கா வருவதற்கு முன்பே ஊருக்கு வந்து சேர்ந்து, கடைத்தெருவெல்லாம் நடந்து திரிந்துகொண்டிருந்தது.

அத்தானைக் கெட்டவர் என்று எழுத எனக்கு ஆசைதான். போன் எடுத்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "அவள் ஏமாத்துப்பட்டவள் எண்டு அரசாங்கம் ஒரு சொல் சொல்லட்டும். அடுத்த நாளே புள்ளயக் கொண்டுவந்து விடுறன். என்ட அம்மாட வாய மூடுறதுக்கு எனக்கும் ஒண்டு வேணும்." தன் மனைவியை நம்புவதற்கு ஒரு மனிதனுக்கு அரசாங்கத்தின் சொல் தேவைப்பட்டது. ஆனால் அவர் அழுதுகொண்டுதான் அதைச் சொன்னார்.

அக்கா தன் சொந்த வீட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். இரு என்று நான் சொன்னால்தான் இருந்தாள். பின்கதவைத் திறப்பதற்கு முன்னால், "திறக்கவா?" என்று கேட்டாள். அது எங்கள் அப்பா அவளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு. கதவுக்கு நீலப் பெயின்ட் அடித்தவள் அவள். எனக்கு ஆத்திரம் பொங்கும். யாரை அடிப்பது என்று தெரியாமல் மெஷினை வேகமாக மிதிப்பேன்.

பிரதேச செயலகத்தில் வேலை செய்கிற ஒரு இளம் உத்தியோகத்தர் எங்களைத் தேடி ஸ்கூட்டியில் வந்தார். நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். வெளிநாட்டிலிருந்து திரும்பிய பெண்களைப் பார்ப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. அக்காவுக்கு முன்னால் நிலத்தில் சம்மணம் போட்டிருந்து, மெல்ல மெல்ல முழுவதையும் கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார், இப்படிப்பட்டவர்களை அடையாளம் காண அரசாங்கத்துக்கு ஒரு முறை இருக்கிறதாம். கடவுச்சீட்டைப் பறித்தார்களா, சொன்ன வேலையும் கொடுத்த வேலையும் ஒன்றா, வெளியே போக விட்டார்களா, பயமுறுத்தினார்களா என்று பார்ப்பார்களாம். அக்காவின் கதையில் எல்லாம் இருக்கிறதாம். ஏமாற்றிக் கொண்டுபோகப்பட்டவள் என்று ஏற்றுக்கொண்டால் மருத்துவம், மனதுக்கு ஆறுதலான ஆலோசனை, தேவைப்பட்டால் பாதுகாப்பாகத் தங்க ஓர் இடம், ஏஜென்டுக்கு எதிராக வழக்கு, வழக்கு முடியும்வரை சாட்சிக்குப் பாதுகாப்பு எல்லாம் கிடைக்குமாம். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். எங்களுக்காக இவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்களா என்று ஆச்சரியமாக இருந்தது.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்ப என்ட புள்ள வருமா, மிஸ்?"

வரும் என்று மிஸ் சொல்லவில்லை. கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து அக்காவோடு பேசுவார், அதன் பிறகுதான் முடிவு என்று சொன்னார்.

அதிகாரி வரச் சொன்ன நாளில் நாங்கள் பஸ் ஏறி, மண்முனைப் பாலத்தைத் தாண்டி நகரத்துக்குப் போனோம். அக்காவுக்கு நான் பூப்போட்ட சேலை உடுத்திவிட்டேன். பிறகு பூ வேண்டாம் என்று நினைத்துக் கழற்றி, வெறும் சேலை உடுத்திவிட்டேன். பாவப்பட்டவள் எப்படி உடுக்க வேண்டும் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

அதிகாரி நல்ல மனிதர். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம். கெட்டவராக இருந்திருந்தால் ஏசித் தீர்த்திருக்கலாம். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். மின்விசிறியை அக்கா பக்கம் திருப்பினார். தண்ணீர் கொடுத்தார். மொழிபெயர்ப்பாளருக்குத் திடீர்க் காய்ச்சல், வரவில்லை, ஆனால் கவலை வேண்டாம், நான் தமிழ் படித்திருக்கிறேன் என்றார். சிங்களவர் ஒருவர் எங்களுக்காகத் தமிழ் படித்தார் என்றால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? இப்படிப்பட்டவர்களோடு தனியாகத்தான் பேச வேண்டும், வீட்டு ஆட்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது விதியாம். நல்ல விதி. நான் வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன்.

ஜன்னல் திறந்திருந்தது. அவருடைய தமிழ் புத்தகத் தமிழ். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி, பிழை வந்துவிடக் கூடாது என்று கவனமாகக் கேட்டார்.

"நீங்கள் வெளிநாட்டுக்கு..."

"ஓம்."

"உங்களுடைய சொந்த விருப்பத்தின் பேரில்..."

"ஓம்."

"சென்றீர்கள். செய்யப் போகும் வேலை பற்றி முன்பே அறிந்திருந்தீர்கள்..."

"ஓம்."

வாங்கில் இருந்த எனக்கு வயிறு குளிர்ந்தது. பழைய அக்கா வந்துவிட்டாள் என்று நினைத்தேன். சுளகோடு இருந்து ஊரின் கதையெல்லாம் கேட்ட அதே குரல், அதே ஓம். ஒருவர் இவ்வளவு மரியாதையாகப் பேசும்போது அவர் பேசி முடிக்கும்வரை ஓம் போட்டுக் கேட்பதுதானே முறை. வெகு நேரம் போகவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்த அதிகாரி, அம்மா எல்லாவற்றுக்கும் நன்றாகப் பதில் சொன்னார் என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அக்காவும் சிரித்தாள்.

திரும்பி வரும்போது பஸ் பாலத்தில் ஏறியதும் என்னால் பொறுக்க முடியவில்லை. கதவு பூட்டி வைத்ததைச் சொன்னாயா, அந்த வீடுகளில் கையில் சூடு வைத்ததைச் சொன்னாயா என்று கேட்டேன்.

அக்கா என்னை விளங்காமல் பார்த்தாள். "நான் இன்னும் ஒண்டும் சொல்லல்லயேகா. அவர்தான் கதைச்சவர், நான் கேட்டுக்கிட்டு இரிந்தன். மறுகா ஒரு நாளைக்கு என்னைச் சொல்லச் சொல்லுவாங்க போல."

பாலத்துக்குக் கீழே ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை எறிந்துகொண்டிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் மடியில் பையை வைத்துக்கொண்டு, தன் முறைக்காகக் காத்திருக்கிறவளின் அமைதியோடு இருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் மிஸ்ஸிடம் ஓடினேன். அவர் எங்கெல்லாமோ போன் எடுத்தார். கொஞ்ச நாள் கழித்துக் கொழும்பிலிருந்து முடிவைச் சொன்னார்கள். சொந்த விருப்பத்தில் போனவர், வேலை தெரிந்து போனவர், யாரும் கடத்தவில்லை என்று விமான நிலையத்திலும் சொன்னவர். ஆகவே இவர் அந்த வகைக்குள் வரமாட்டார். சம்பளப் பிரச்சினை என்றால் வேறு பிரிவில் முறையிடலாம். அங்கே சொன்ன இல்லையும் இங்கே சொன்ன ஓமும் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்திவிட்டன. என் அக்காவுக்கு இருந்ததே இந்த இரண்டு சொல்தான். இரண்டும் அவளைக் கைவிட்டன.

மிஸ் விடவில்லை. விரும்பிப் போனாலும் ஏமாற்றிக் கொண்டுபோயிருந்தால் அந்த விருப்பம் சட்டத்தின் முன் செல்லாது, அதைக் கேட்டே இருக்கக் கூடாது என்று போனில் சண்டை பிடித்தார். அவருடைய மேலதிகாரிகள் அவரை ஏசினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அக்காவுக்குக் கொடுக்க எதுவும் இல்லாதபோதும் சனிக்கிழமைகளில் வந்து அவளோடு இருந்துவிட்டுப் போனார். கடைசியில், இன்னொரு தரம் விசாரிக்கலாம், இந்த முறை தமிழ்ப் பெண் அதிகாரி ஒருவர் வருவார், எந்த நாள் என்று பிறகு அறிவிப்போம் என்று பதில் வந்தது.

இந்த அரசாங்கத்துக்கு எங்களைக் கண்டுபிடிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சோதனைச் சாவடிகளில் பஸ்ஸிலிருந்து வரிசையாக இறக்கி, முகத்தையும் அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்த்தவர்கள் அவர்கள். வாக்குக் கேட்கும் காலத்தில் எங்கள் ஒழுங்கை, சந்து எல்லாம்கூட அவர்களுக்கு மனப்பாடம். ஒருத்தியை ஆடு மாடு போலக் கைமாற்றினார்கள் என்பதை மட்டும் அவர்கள் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அவளே வாயைத் திறந்து, அவர்களுடைய சொல்லில், அவர்கள் கேட்கிற இடத்தில் சரியாகச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் அடி விழுந்த வீடுகளிலிருந்து வந்தவள் அதைச் செய்ய வேண்டும்.

சரி, செய்வோம் என்றேன். நான் அதிகாரி ஆனேன். தையல் மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு அக்காவைக் கேள்வி கேட்டேன். அவள் ஓம் என்று சொன்னால் கத்தரிக்கோலால் மேசையில் தட்டினேன். "வாயை மூடிக்கிட்டு முழுசாக் கேள். மறுகா சொல்லு" என்று அதட்டினேன். அக்கா திடுக்கிட்டு, கையால் வாயைப் பொத்துவாள். கண் கலங்கும். எனக்கும் கலங்கும். ஆனாலும் நிறுத்தவில்லை. பிள்ளை வர வேண்டுமே. நாங்கள் மதியச் சமையலுக்குப் பிறகு தினமும் பழகினோம்.

அவள் கெட்டிக்காரி, படித்துக்கொண்டாள். முதலில் கேள்விகளுக்கு நடுவில் ஓம் நின்றது. பிறகு என்னோடு பேசும்போது நின்றது. பிறகு எல்லோரிடமும் நின்றுவிட்டது. துணி கொண்டு வருகிற பெண்கள் கொஞ்சம் பேசிப் பார்த்துவிட்டு, அந்தரப்பட்டு, பாதியில் எழுந்து போகத் தொடங்கினார்கள். "உன்ட அக்காக்கு என்னகா, வெளிநாடு போய்ப் பெருமை புடிச்சிட்டா?" என்று ஒருத்தி கேட்டாள். அவளுடைய சட்டையை நான் வேண்டுமென்றே பிந்தித் தைத்துக் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வாழைச்சேனையிலிருந்து அழைப்பு வந்தது. அத்தான் இப்போது சில ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பேச விடுகிறார். அக்கா சத்தமாக வைத்ததால் எனக்கும் கேட்டது. பிள்ளை வளர்ந்துவிட்டாள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஓடியதை மூச்சு விடாமல் சொன்னாள். தொடங்கும்போதே சப்பாத்து கழன்றுவிட்டதாம். கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடினாளாம். அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடி, ஒரு சொல்லும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லிக் கொடுத்தபடி, முழுசாக.

பிள்ளையின் குரல் தடுமாறியது. "அம்மா?" என்றது. கொஞ்சம் பொறுத்து, "அம்மா, இரிக்கிறீங்களா?" என்றது. பிறகு அந்தப் பக்கம் யாரிடமோ, "அம்மா கேக்கல்ல, போனை வெச்சிட்டாங்க போல" என்று சொல்லிக்கொண்டே இணைப்பைத் துண்டித்தது.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அவள் சத்தம் இல்லாத அந்தப் போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "ஓம்" என்றாள். பிறகு இன்னொரு தரம், "ஓம், மகள்" என்றாள்.